கோல் வித்தியாசம்

நூற்றுத் தொண்ணூற்றிரண்டு பக்க நோட்டு,
பின்னட்டையில் பெருக்கல் வாய்ப்பாடு.
அதில்தான் இருக்கிறது
எங்கள் கொருக்குப்பேட்டைக் கல்லூரி அணியின் மூன்று வருடம்.
ஆடாத கோல்கீப்பர் சும்மா உட்காரக் கூடாதென்று
முதல் நாளே என் மடியில் போட்டார்கள்.
நான் வைத்த விதி ஒன்றே ஒன்று:
எண் மட்டும் எழுதுவேன்,
காரணம் எழுதமாட்டேன்.

முதல் சீசன். ஆறு ஆட்டம், ஆறு தோல்வி.
போட்டது இரண்டு. வாங்கியது முப்பத்து மூன்று.
அந்த இரண்டில் ஒன்று
எதிரணி தனக்கே போட்டுக்கொண்டது.
அரக்கோணத்துக்காரர்கள் ஒன்பது அடித்த அன்று
ஸ்கோர் பலகையில் எட்டுக்கு மேல் தகடு இல்லை.
"எட்டுதான் மச்சி, ஒண்ணு லாபம்" என்றான் லியாண்டர்.
நான் ஒன்பது என்றே எழுதினேன்.
இரண்டு நாள் அவன் என்னோடு பேசவில்லை.

எங்கள் மைதானத்துக்கு வடக்கே சரக்கு ரயில் யார்டு,
தெற்கு கார்னரில் எப்போதும் ஒரு குட்டை.
மே மாதத்திலும் காயாது.
எங்கோ குழாய் உடைந்திருக்கிறது என்பார் வாட்ச்மேன் எபினேசர்.
எங்கே என்று அவருக்கும் தெரியாது.
கார்னர் அடிப்பவன் ஒரு காலைத் தண்ணீரில் ஊன்றித்தான் அடிக்கவேண்டும்;
வந்த அணியெல்லாம் பார்த்துச் சிரிக்கும்.
இரண்டாம் சீசனில் அந்தக் குட்டைக்குள் நின்றே
மூன்று கோலுக்குப் பந்து தூக்கிக் கொடுத்தான் இம்தியாஸ்.
சிரிப்பு கொஞ்சம் குறைந்தது.

ஆனாலும் அந்த வருடம் ஒரே வெற்றிதான்.
டிசம்பர் மழை. கணேசபுரம் சுரங்கப்பாதையில்
எதிரணியின் வேன் தண்ணீர் குடித்து நின்றுவிட்டது.
ஒரு மணி நேரம் நனைந்துகொண்டே காத்திருந்தோம்.
ரெஃப்ரி குடைக்குள்ளிருந்து மூன்று விரல் காட்டினார்:
மூன்று பூஜ்யம்.
யாரும் அடிக்காத மூன்று கோலுக்காக
ஒருவரையொருவர் தூக்கிச் சுற்றினோம்.
வித்தியாசம்: கழித்தல் ஒன்பது.

மூன்றாம் சீசனின் நடுவில்
கோச்சுக்குக் கோவையில் வேலை கிடைத்தது.
போகும்போது விசிலையும் எடுத்துக்கொண்டு போய்விட்டார்.
அதன்பின் தணிகை இரண்டு விரலை வாயில் வைத்து ஊதினால் பயிற்சி.
ஐந்தாம் ஆட்டம் முடிந்த இரவு
முதல்முறையாகக் கூட்டல் குறி போட்டேன். கூட்டல் ஒன்று.
மங்கலாகத் தெரிந்ததென்று இன்னொருமுறை அழுத்தினேன்,
பின்பக்கம்வரை பதிந்துவிட்டது.

கடைசி ஆட்டம் தாம்பரத்தில். டிரா செய்தால் காலிறுதி.
அதே நாள், அதே மதியம்
ரெஜினால்டுக்கு மேத்ஸ் அரியர், மூன்றாம் தடவை.
ஹால் டிக்கெட்டைப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டு
கிளவுஸை என்மேல் எறிந்தான்.
என் கைக்கு அது ஒரு சைஸ் பெரிது.

எண்பத்து நாலு நிமிடம் வரை பூஜ்யம் பூஜ்யம்.
பிறகு அவர்களுடைய பதினான்காம் எண்,
முப்பது கஜத்திலிருந்து,
சும்மா பாஸ் தள்ளுவதுபோல் ஒன்று.
நேராக என்னிடம்தான் வந்தது.
பிடித்தேன்.
திரும்பினால் வலையில் கிடந்தது.

யாரும் திட்டவில்லை, லியாண்டர்கூட.
ஸ்டேஷன் வாசலில் பஜ்ஜி வாங்கினார்கள்.
எனக்கு மட்டும் ஒன்று கூடுதலாக வைத்தார்கள்.
அதுதான் தாங்கவில்லை.
நோட்டை யார் எடுத்துப் போனார்களென்றுகூடப் பார்க்கவில்லை.

மறுநாள் என் டெஸ்கில் இருந்தது.
இம்தியாஸின் கோணல் எழுத்து.
தேதி. தோல்வி, பூஜ்யம் ஒன்று.
வித்தியாசம்: பூஜ்யம்.
போட்டதும் வாங்கியதும் சரிக்குச் சரி.
அதற்குக் கீழே, எனது விதியை மீறி, ஒரு வரி:
"பந்து நனஞ்சி இருந்திச்சி."

பிப்ரவரி பதினெட்டு அது.
பொங்கலுக்குப் பிறகு ஒரு சொட்டு விழவில்லை;
அந்த மைதானத்தில் பந்து உருண்டால் செம்மண் புகையும்.

அடித்துவிடலாமென்று பேனாவைத் திறந்தேன்.
ரெஜினால்ட் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தான்.
"மழையாடா?"

"ஆமா," என்றேன்,
"செம மழை."